கன்சர்வேஷன் ஏரியாவில் வீடு: ஜன்னல் முதல் மதில் வரை, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லண்டனிலும் சுற்றுவட்டாரத்திலும் நம்மவர்கள் வாங்கும் வீடுகளில் நூறு வயதைத் தாண்டிய, ஒன்றோடொன்று ஒட்டி வரிசையாக நிற்கும் டெரஸ் வீடுகள் நிறைய. அவற்றில் சில கன்சர்வேஷன் ஏரியாவுக்குள் வருகின்றன. சாவி கைக்கு வந்த முதல் மாதமே ஜன்னல், டிஷ், கார் நிறுத்த இடம் என்று சந்தேகங்கள் வரிசை கட்டும். திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே இங்கே திரட்டியிருக்கிறோம். இவை இங்கிலாந்துக்கு மட்டும் பொருந்தும். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் விதிகள் வேறு.

1. கன்சர்வேஷன் ஏரியா எண்டால் என்ன? லிஸ்டட் பில்டிங் எண்டு சொல்லுறதும் இதுவும் ஒண்டோ?

இல்லை, இரண்டும் வேறு. லிஸ்டட் என்பது ஒரு தனிக் கட்டடத்துக்குக் கிடைக்கும் பாதுகாப்பு. உள்ளே இருக்கும் படிக்கட்டு, கணப்படுப்பு, கதவுச் சட்டம் வரை அது பாயும். கட்டடத்தின் தன்மை மாறும்படி அனுமதியில்லாமல் கை வைத்தால் அது குற்றவியல் குற்றம். கன்சர்வேஷன் ஏரியா ஒரு தெருவையோ பல தெருக்களையோ சேர்த்துக் காப்பது. 1967இல் வந்த சட்டத்தின்படி லிங்கன்ஷயரின் ஸ்டாம்ஃபோர்ட் நகரம் முதலில் அறிவிக்கப்பட்டது. இன்று இங்கிலாந்தில் ஏறத்தாழ 10,000 இருக்கின்றன. மாளிகைகள் மட்டும் என்று நினைக்க வேண்டாம். டூட்டிங்கின் டோட்டர்டவுன் ஃபீல்ட்ஸ் தொழிலாளர் குடும்பங்களுக்காகக் கட்டிய குடியிருப்பு. ஃபாரஸ்ட் கேட்டின் உட்கிரேஞ்ச் எஸ்டேட் சாதாரணக் குடும்பங்கள் வாழும் தெருக்கள். இரண்டுமே கன்சர்வேஷன் ஏரியாக்கள்.

இங்கே காக்கப்படுவது தெருவின் முகம். ஒரே அச்சில் வார்த்த இருபது வீட்டு வரிசையில் ஒரு வீட்டு முகப்பு மாறினாலும் வரிசை முழுவதும் கலைந்து தெரியும். பெரும்பாலான விதிகள் முகப்பில் கடுமையாகவும் பின்பக்கம் தளர்வாகவும் இருப்பது இதனால்தான். உங்கள் வீடு லிஸ்டட்டும் ஆகியிருந்தால் இந்தப் பக்கம் போதாது. அதற்குத் தனி அனுமதி உண்டு.

2. என் வீடு அதுக்குள்ள வருதான்னு எங்க பார்க்கிறது? ஏஜென்ட் எதுவும் சொல்லல.

உங்கள் பகுதி உள்ளாட்சியான கவுன்சிலின் இணையதளத்தில் கன்சர்வேஷன் ஏரியா வரைபடம் இருக்கும். அஞ்சல் குறியீட்டைப் போட்டால் எல்லைக் கோடு தெரியும். சில இடங்களில் அந்தக் கோடு தெருவின் நடுவிலேயே ஓடும். எதிர் வீட்டுக்காரர் வெளியே, நீங்கள் உள்ளே என்று அமையலாம். வீடு வாங்கியபோது சொலிசிட்டர் எடுத்த லோக்கல் சர்ச் (கவுன்சில் பதிவுத் தேடல்) முடிவிலும் இது பதிவாகியிருக்கும். அந்தக் கோப்பைத் தேடி எடுங்கள்.

அப்படியே அந்தப் பகுதிக்கான அப்ரைசல் என்ற ஆவணத்தையும் இறக்கிக்கொள்ளுங்கள். கவுன்சில் எதை மதிக்கிறது, எதைக் கெடுதலாகப் பார்க்கிறது என்று படங்களுடன் அதில் எழுதியிருப்பார்கள். விண்ணப்பம் மறுக்கப்படும்போது அந்த வாசகங்களைத்தான் காரணமாகக் காட்டுவார்கள். ஆகவே முன்கூட்டியே படிப்பது காசு மிச்சம்.

3. கடிதத்தில ஆர்டிக்கிள் 4 எண்டு கிடக்கு. அது என்ன புதுசா?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இது. வீட்டில் செய்யும் சின்ன மாற்றங்களில் பலவற்றுக்கு விண்ணப்பம் தேவையில்லை. நாடாளுமன்றம் மொத்தமாகக் கொடுத்துவைத்த பொது அனுமதி ஒன்று உண்டு. அதன் பெயர் பர்மிட்டட் டெவலப்மென்ட். இப்போது நடப்பில் இருப்பது 2015ஆம் ஆண்டின் ஆணை, அவ்வப்போது திருத்தப்படுகிறது. கன்சர்வேஷன் ஏரியாவில் இந்தப் பொது அனுமதி கொஞ்சம் சுருங்கும், ஆனால் முழுதாகப் போய்விடாது.

அதற்கு மேல் ஒரு கவுன்சில், குறிப்பிட்ட தெருக்களில் குறிப்பிட்ட வேலைகளுக்கு மட்டும் அந்தப் பொது அனுமதியை எடுத்துவிடலாம். அந்த உத்தரவுதான் ஆர்டிக்கிள் 4. அது வந்துவிட்டால் வேலை தடை என்று பொருளில்லை. விண்ணப்பித்துக் கேட்க வேண்டும் என்றுதான் பொருள். ஒவ்வொரு உத்தரவும் வேறு வேறு. ஒன்று முகப்பு ஜன்னலையும் கதவையும் சொல்லும், மற்றொன்று புகைபோக்கி, கூரை ஓடு, முன்மதில், வண்ணம் வரை போகும். ஆகவே "எங்கள் தெருவில் ஆர்டிக்கிள் 4 இருக்கிறதா" என்று கேட்டு நிறுத்தாதீர்கள். உத்தரவின் நகலை வாங்கி அட்டவணையை வரி வரியாகப் படியுங்கள்.

4. எங்களது ஃப்ளாட். வீட்டுக்குச் சொல்லுற விதி எங்களுக்கும் தானே?

இல்லை, இங்கேதான் பலர் தவறி விழுகிறார்கள். வீட்டுக்கான எக்ஸ்டென்ஷன், ஜன்னல், கூரை அனுமதிகள் தனி வீட்டுக்கு, அதாவது டெரஸானாலும் ஃப்ளாட்டாகப் பிரிக்காத முழு வீட்டுக்கு, மட்டும் உரியவை. ஃப்ளாட்டுக்கும் இரண்டு மாடி ஃப்ளாட்டான மெஸனெட்டுக்கும் அவை கிடையாது. பழைய விக்டோரியன் வீட்டை மேல், கீழ் என்று இரண்டாகப் பிரித்திருந்தால், வெளியிலிருந்து பார்க்க முழு வீடு போலத் தெரிந்தாலும் சட்டத்தின் கண்ணில் அவை ஃப்ளாட்டுகள். ஜன்னலை மாற்றி வெளித்தோற்றம் குறிப்பிடத்தக்க அளவு மாறினால், ஆர்டிக்கிள் 4 இல்லாவிட்டாலும் பிளானிங் பெர்மிஷன் (விண்ணப்பித்துக் கவுன்சிலிடம் பெறும் அனுமதி) தேவை. நீண்டகாலக் குத்தகையான லீஸ்ஹோல்ட் என்றால், நிலத்தின் உரிமையாளரான ஃப்ரீஹோல்டரின் சம்மதம் தனி. கவுன்சில் அனுமதி கொடுத்தாலும் லீஸ் ஒப்பந்தம் தடுக்கலாம்.

5. வீட்டுக்கு உள்ள சுவர் உடைக்க, குசினி மாத்த, பாத்ரூம் போடவும் கேக்க வேணுமோ?

லிஸ்டட் இல்லாத வீட்டில் உள்வேலைக்குப் பிளானிங் பெர்மிஷன் வேண்டாம். ஆனால் கட்டுமானப் பாதுகாப்பு விதிகளான பில்டிங் ரெகுலேஷன் என்பது வேறு கதவு; அதைப் பார்ப்பது பில்டிங் கண்ட்ரோல். பாரம் தாங்கும் சுவரை எடுத்து இரும்பு பீம் வைப்பது, புது வடிகால், சிலவகை மின்வேலை எல்லாம் அங்கே போக வேண்டும். அயல்வீட்டுடன் பொதுச் சுவரில் பீம் ஏறினால் 1996ஆம் ஆண்டின் பார்ட்டி வால் சட்டப்படி அவர்களுக்கு இரண்டு மாத முன்னறிவிப்பு எழுத்தில் கொடுக்க வேண்டும். பிளானிங், பில்டிங் கண்ட்ரோல், பார்ட்டி வால் மூன்றும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை. ஒன்றில் கிடைத்த சம்மதம் மற்றதற்குச் செல்லாது.

6. வாசல்ல தோரணம், தீபாவளி விளக்கு, பிள்ளையார் சிலை வைக்கலாமா?

தாராளமாக. நிலையில் மாவிலை, படியில் கோலம், பண்டிகை விளக்குகள், வாசலருகே சின்னச் சிலை எதற்கும் அனுமதி வேண்டாம். ஒன்று மட்டும் கவனியுங்கள். பழைய வீடுகளின் நடைபாதையில் கறுப்பு, வெள்ளை, செம்மண் நிறத்தில் சின்னச் சின்ன ஓடுகள் பதித்திருப்பார்கள். அதன் மேல் எண்ணெய் விளக்கு சிந்தினால் ஓடு எண்ணெயைக் குடித்துவிடும். விளக்குக்குக் கீழே தட்டு வையுங்கள். கறையை எடுக்க அமிலம் ஊற்றாதீர்கள்.

7. பழைய மர யன்னலால குளிர் காத்து வருது. டபுள் கிளேஸிங் பிளாஸ்டிக் யன்னல் போடலாமோ?

மூன்று நிலைமைகள். தனி வீடு, ஆர்டிக்கிள் 4 இல்லை என்றால் பொதுவாக விண்ணப்பம் வேண்டாம். ஆனால் புதியது பழையதைப் போன்ற தோற்றம் கொண்டதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. மேலே தூக்கித் திறக்கும் சாஷ் ஜன்னலை எடுத்துவிட்டு, வெளியே தள்ளித் திறக்கும் தடித்த வெள்ளைச் சட்டத்தை வைத்தால் அந்த நிபந்தனை மீறப்பட்டது என்று கவுன்சில் வாதிடலாம். ஆர்டிக்கிள் 4இல் ஜன்னல் இருந்தால் விண்ணப்பம் கட்டாயம். ஃப்ளாட் என்றால் 4ஆம் கேள்வி.

விண்ணப்பத்தை ஆராயும் அதிகாரி எதைப் பார்க்கிறார் என்று தெரிந்துகொள்ளுங்கள். சாஷ் ஜன்னலில் மேல் பலகையும் கீழ்ப் பலகையும் சந்திக்கும் நடுக்கட்டையின் தடிமன். கண்ணாடியைப் பிரிக்கும் மெல்லிய மரக்கம்பி, பல வீடுகளில் அது இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவு. மேல் பலகையின் இரு மூலையிலும் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் வளைந்த கொம்பு. ஜன்னல் செங்கல் முகத்திலிருந்து எவ்வளவு உள்வாங்கி இருக்கிறது. பிளாஸ்டிக் சட்டம் இந்த நான்கிலும் சறுக்கும். கண்ணாடிக்கு மேலே ஒட்டிய போலிக் கம்பி பக்கவாட்டு வெளிச்சத்தில் உடனே காட்டிக்கொடுக்கும். மலிவான போலி சாஷ் ஜன்னல் மூடியிருக்கும்போது ஏமாற்றும்; திறந்தால் கீழ்ப்பாதி முழுவதும் தெருவை நோக்கிக் கதவு போலத் தள்ளிக்கொண்டு நிற்கும்.

அனுமதி எளிதாகக் கிடைப்பது மரச் சாஷில் மெல்லிய இரட்டைக் கண்ணாடி. 4 மி.மீ. கண்ணாடி, 4 முதல் 6 மி.மீ. இடைவெளி, மறுபடி 4 மி.மீ. கண்ணாடி என்று மொத்தம் 12 முதல் 14 மி.மீ. வரும். வாக்குவம் கிளேஸிங் இன்னும் மெல்லியது, மொத்தம் 6 முதல் 8 மி.மீ.; விலை அதிகம். இங்கே இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. இரட்டைக் கண்ணாடியின் ஓர அடைப்பை ஆளிவிதை எண்ணெய் கலந்த பழைய புட்டி அரித்துவிடும். சில ஆண்டுகளில் கண்ணாடிக்குள் பனிமூட்டம் வந்துவிடும். கண்ணாடி தயாரிப்பவர் ஒத்துக்கொள்ளும் பூச்சைத்தான் பயன்படுத்த வேண்டும். அடுத்தது எடை. புதுக் கண்ணாடி கனமானது, பெட்டிக்குள் தொங்கும் பழைய இரும்புக் கட்டி அதற்கு ஈடுகொடுக்காது, பலகை கீழே சரியும். பெட்டியில் இடம் குறைவு என்பதால் அதே அளவில் கனம் கூடிய ஈயக் கட்டி போடுவார்கள். தச்சர் கட்டி மாற்றுவதைப் பற்றிப் பேசவே இல்லை என்றால், கேளுங்கள்.

8. அவ்வளவு செலவு செய்ய ஏலாது. விண்ணப்பம் இல்லாம வீட்டைச் சூடாக்க வழி இருக்கோ?

இருக்கிறது, பல வீடுகளுக்கு அதுவே நல்ல வழி. முதலில் பழைய சாஷைப் பழுது பார்த்து ஓரங்களில் தூரிகைப் பட்டை பதித்து காற்றை அடையுங்கள். குளிரென்று நாம் உணர்வதில் பெரும்பங்கு கண்ணாடி வழியாக வருவதில்லை, இந்த இடுக்குகள் வழியாக வருகிறது. அடுத்து, உட்பக்கம் செகண்டரி கிளேஸிங் என்ற இரண்டாம் ஜன்னல். அது உள்வேலை ஆதலால் லிஸ்டட் இல்லாத வீட்டில் பிளானிங் தேவையில்லை. சூட்டுக்கு 20 மி.மீ. இடைவெளியே போதும், பேருந்துச் சத்தத்தைக் குறைக்க வேண்டுமென்றால் 100 மி.மீ. அல்லது அதற்கு மேல் விடுங்கள்.

செகண்டரி கிளேஸிங் போட்டபின் வெளிக் கண்ணாடியில் நீர் கோத்தால் உள் ஜன்னல் இறுக்கமாக மூடவில்லை என்று பொருள். சமையல் ஆவி அந்த இடுக்கு வழியாகப் போய்க் குளிர்ந்த கண்ணாடியில் படிகிறது. உள்ளது இறுக்கமாகவும் வெளியது மிகச் சிறிதளவு காற்றோட்டத்துடனும் இருக்க வேண்டும். மாற்றிச் செய்தால் மரம் அழுகும்.

வெளிச் சுவரில் இன்சுலேஷன் பலகை ஒட்டிப் பூசுவது இந்தக் கணக்கில் வராது. அதற்கு 12ஆம் கேள்வி பாருங்கள்.

9. ஊர் சேனல் பார்க்க டிஷ் வைக்கணும். முன்னாடி வச்சாத்தான் சிக்னல் வருது.

கன்சர்வேஷன் ஏரியாவில் தெருவை நோக்கியிருந்து தெருவிலிருந்து கண்ணில் படும் சுவர், கூரைச் சரிவு, புகைபோக்கி ஆகியவற்றில் டிஷ் வைக்க விண்ணப்பம் வேண்டும். பின்பக்கம் என்றால் ஒரே டிஷ் 100 செ.மீ. வரை போகலாம். இரண்டு வைத்தால் ஒன்று 100, மற்றது 60 செ.மீ.; இரண்டுக்கு மேல் கூடாது. நம் வீடுகளில் காணும் 80 செ.மீ. டிஷ் இந்த வரம்புக்குள் அடங்கும்.

முன்பக்கம்தான் தெற்கு நோக்கியிருக்கிறது என்றால், வீட்டின் பின்னால் ஒடுங்கி நீளும் கூட்டின் மேல், வீட்டுக் கூரை மறைக்காத அளவு தள்ளி, தோட்டத்தில் தாழ்வான கம்பத்தில் என்று இடம் தேடிப் பாருங்கள். டிஷ்ஷுக்கு உயரம் தேவையில்லை, தடையற்ற வானம்தான் தேவை. இணையம் வழியாகப் பார்க்கத் தொடங்கியிருந்தால் பழைய டிஷ்ஷைக் கழற்றிவிடுங்கள். பயன்பாடு முடிந்ததும் அகற்ற வேண்டும் என்பது அந்தப் பொது அனுமதியின் நிபந்தனையே.

10. தாளிச்சா வீடு முழுக்க வாசனை. பெரிய எக்ஸ்ட்ராக்டர் போட்டு வெளியே குழாய் விடலாமா? பாய்லர் குழாயும் அதே மாதிரியா?

பின் சுவரில் விடுங்கள். 150 மி.மீ. குழாய்க்கு ஒரு சின்ன மூடி வெளித்தோற்றத்தை மாற்றுவதாக யாரும் பொதுவாகக் கருதுவதில்லை. குழாயை 150இலிருந்து 100 மி.மீ. ஆகக் குறுக்காதீர்கள், சத்தம் கூடும், இழுப்பு குறையும், எண்ணெய் வளைவுகளில் படியும். நேராக, குட்டையாக, வளைவு ஒன்றிரண்டுக்குள் முடியட்டும். மூடி வெள்ளைப் பிளாஸ்டிக்காக இல்லாமல் செங்கல் நிறத்தில் இருந்தால் கண்ணில் படாது.

பாய்லரின் புகை வெளியேறும் ஃப்ளூ, கழிவுக் காற்றுக் குழாய், புகைக்குழாய் இவற்றுக்கு விதி தெளிவாக இருக்கிறது: தெருவை எதிர்கொள்ளும் முன்சுவரிலோ பக்கச் சுவரிலோ அந்தப் பக்கக் கூரைச் சரிவிலோ விண்ணப்பமின்றி வைக்கக் கூடாது. பாய்லர் மாற்ற வருபவர் வசதிக்காக முன்சுவரைத் துளைக்கப் பார்ப்பார். அவர் துளையிடும் முன் எங்கே என்று கேளுங்கள். செங்கல்லில் துளை விழுந்தபின் பேசி என்ன பயன்?

11. முன் வளவைக் கல்லுப் பதிச்சு கார் விட யோசிக்கிறம். மதிலை எடுத்தால் சரிதானே?

இதில் நான்கு அனுமதிகள் சிக்கியிருக்கின்றன. முதலாவது மதில். சாலையை ஒட்டிய மதில் 1 மீட்டருக்குக் குறைவு என்றால், ஆர்டிக்கிள் 4 இல்லாத இடத்தில் இடிக்க விண்ணப்பம் வேண்டாம். 1 மீட்டரோ மேலோ என்றால் கன்சர்வேஷன் ஏரியாவில் இடிப்பதற்கே பிளானிங் பெர்மிஷன் வேண்டும். இல்லாமல் இடிப்பது குற்றம். நடைபாதைப் பக்கத்திலிருந்து டேப் வைத்து அளந்து படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது தரை. முகப்புக்கும் சாலைக்கும் இடையே 5 சதுர மீட்டருக்கு மேல் கடினத் தரை போட்டால் நீர் உறிஞ்சும் பொருளாக இருக்க வேண்டும், அல்லது வழியும் நீர் உங்கள் வளவிலேயே மண்ணுக்குள் இறங்க வேண்டும். நீர் உறிஞ்சும் கல் என்று விலை கொடுத்து வாங்கிவிட்டு, கீழே டைப் 1 எனப்படும் பொடி கலந்த சல்லியை நெருக்கி அடித்தால் நீர் இறங்காது. அடியில் பொடி நீக்கிய 4 முதல் 20 மி.மீ. சல்லி, இடுக்குகளில் மணலுக்குப் பதில் சின்னக் குருணைக் கல். வேலை செய்பவரிடம் இதை எழுத்தில் வாங்குங்கள்.

மூன்றாவது நடைபாதைக் கல்லைத் தாழ்த்துவது. அது நெடுஞ்சாலைத் துறையின் அனுமதி, 1980ஆம் ஆண்டுச் சட்டப்படி. பிளானிங் தந்தாலும் இவர்கள் மறுக்கலாம். கார் நிற்குமளவு ஆழம் இல்லை, தெரு மரம் தடுக்கிறது என்பவை வழக்கமான காரணங்கள். வகைப்படுத்தப்பட்ட (A, B, C வகை) சாலையானால் நுழைவாயில் திறக்கவே பிளானிங்கும் வேண்டும், அது நான்காவது. ஆகவே நடைபாதைக் கல்லைத் தாழ்த்தும் அனுமதியை முதலில் கேளுங்கள். மதிலை இடித்து, கல்லும் பதித்தபின் மறுப்பு வந்து, கார் ஏற முடியாத முற்றத்துடன் நிற்கும் வீடுகள் உண்டு.

12. முன் சுவர் செங்கல் கறுத்துப்போச்சு. பெயின்ட் அடிக்கவா, பூசவா?

பூச்சு, கல் ஒட்டுதல், மரப் பலகை, பிளாஸ்டிக் பலகை, ஓடு எதுவாயினும் கன்சர்வேஷன் ஏரியாவில் வெளிச்சுவரை மூடுவது பொது அனுமதியில் இல்லை. முன், பின் என்ற வேறுபாடு கிடையாது. பெயின்ட் அடிப்பதற்குப் பொது அனுமதி உண்டு, ஆர்டிக்கிள் 4 எடுக்காத வரை.

அனுமதி இருந்தாலும் வெறும் செங்கல்லுக்குப் பெயின்ட் அடிக்க வேண்டாம் என்றே சொல்வோம். பழைய வீட்டின் அந்தச் சுவர் முழுக்கத் திண்மையானது, நடுவே இடைவெளி கிடையாது. மழையில் நனைந்து வெயிலில் உலர்வதுதான் அதன் இயல்பு. பெயின்ட் அதன் மூச்சை அடைக்கும். உள்ளே தங்கிய ஈரம் பனிக்காலத்தில் உறைந்து விரியும்போது செங்கல்லின் முகம் சில்லுச் சில்லாகப் பெயர்ந்து விழும். சிமென்ட் கலவையால் இடுக்குகளை நிரப்புவதும் அதே கேட்டைச் செய்யும். சுண்ணாம்புக் கலவையால் இடுக்கைப் புதுப்பித்து, மென்மையாகக் கழுவினால் பெரும்பாலான சுவர்கள் தெளிந்துவிடும்.

13. பின்பக்கம் 6 மீட்டர் எக்ஸ்டென்ஷன் போடலாம்னு பில்டர் சொல்றார். சரியா?

உங்கள் வீட்டுக்குச் சரியில்லை. அயலவருக்கு அறிவித்து 6 அல்லது 8 மீட்டர் வரை போகும் அந்த ஏற்பாடு கன்சர்வேஷன் ஏரியாவுக்குப் பொருந்தாது. இங்கே ஒரே மாடி, டெரஸ் மற்றும் செமி (ஒரு பக்கம் மட்டும் ஒட்டிய) வீட்டுக்கு 3 மீட்டர், தனித்து நிற்கும் வீட்டுக்கு 4 மீட்டர். மொத்த உயரம் 4 மீட்டருக்குள். எல்லையிலிருந்து 2 மீட்டருக்குள் வந்தால் கூரையின் கீழ்விளிம்பு 3 மீட்டருக்குள். அளப்பது 1948 ஜூலை 1 அன்று இருந்த வீட்டின் பின்சுவரிலிருந்து. அதற்குப் பின் கட்டிய வீடென்றால் முதலில் கட்டியபடி. முந்தைய உரிமையாளர் சேர்த்துக் கட்டியதும் அந்தக் கணக்கில் கழியும்.

சூட்சுமமான இடம் ஒன்று. விக்டோரியன் டெரஸின் பின்னால் ஒடுங்கிய கூடு ஒன்று நீளும். அதன் பக்கத்தில் ஒரு மீட்டர் சொச்சம் அகலத்தில் சந்து இருக்கும். அந்தச் சந்தை மூடிச் சமையலறையை அகலமாக்குவது எல்லோருக்கும் ஆசை. கூட்டின் பக்கச் சுவரும் சட்டப்படி பக்கச் சுவரே. கன்சர்வேஷன் ஏரியாவில் பக்கச் சுவரைத் தாண்டிக் கட்டுவது பொது அனுமதியில் இல்லை. ஆகவே சந்தை மூட விண்ணப்பம் வேண்டும். தெருவிலிருந்து தெரியாது என்பதால் பல கவுன்சில்களில் இது கிடைக்கக்கூடியதுதான்; அயல்வீட்டின் வெளிச்சத்தை மறைக்காத சரிவுக் கூரையாக வரைந்து கொடுங்கள்.

14. லாஃப்டில ரூம் எடுக்கலாமோ?

கூரையை வெளியே தள்ளும் டோர்மர் எதுவும், பின்பக்கமானாலும், இங்கே பொது அனுமதியில் இல்லை. விண்ணப்பம் வேண்டும். கூரைச் சரிவிலேயே பதியும் கண்ணாடி ஜன்னல் மட்டும் போதுமென்றால், அது சரிவிலிருந்து 150 மி.மீ.க்கு மேல் துருத்தாமல் இருந்தால், ஆர்டிக்கிள் 4 இல்லாத தனி வீட்டில் விண்ணப்பம் வேண்டாம். பின்சரிவில் வைப்பது நல்லது. படிக்கட்டு, தீ தடுப்பு, தளத்தின் வலிமை ஆகியவற்றுக்குப் பில்டிங் கண்ட்ரோல் எப்படியும் வேண்டும்.

15. தோட்டத்துல தனியா ஒரு பூஜை ரூம் கட்டலாமா?

வீட்டுக்குப் பின்னால் கட்டலாம். வீட்டின் பக்கச் சுவருக்கும் எல்லைக்கும் இடையே கூடாது. அது கன்சர்வேஷன் ஏரியாவுக்கான கூடுதல் தடை. எல்லையிலிருந்து 2 மீட்டருக்குள் வந்தால் மொத்த உயரம் 2.5 மீட்டர். தள்ளி இருந்தால் இருசரிவுக் கூரைக்கு 4, மற்றதற்கு 3. எல்லாக் கூடுதல் கட்டடங்களும் சேர்ந்து வளவின் பாதியைத் தாண்டக் கூடாது. கோபுரமோ கலசமோ வைத்தால் அதுவும் உயரக் கணக்கில் சேரும். குடும்பத்தின் வழிபாட்டுக்கு என்றால் வீட்டோடு சேர்ந்த பயன்பாடு. வாரந்தோறும் ஊர்கூடிப் பஜனை என்றால் அது பயன்பாட்டு மாற்றமாகப் பார்க்கப்படலாம்.

16. சோலார், ஹீட் பம்ப் எல்லாம் அரசாங்கமே போடச் சொல்லுது. அதுக்கும் தடையா?

சரிவுக் கூரையில் சோலார் பலகை 200 மி.மீ.க்கு மேல் எழும்பாமல், கூரையின் உச்சியைத் தாண்டாமல் இருந்தால் கன்சர்வேஷன் ஏரியாவிலும் பொது அனுமதி உண்டு. தெருவை நோக்கிய சுவரில்தான் கூடாது. வெளிக்காற்றின் சூட்டை வீட்டுக்குள் எடுக்கும் ஹீட் பம்பும் அப்படியே: தெருவை நோக்கிய சுவரிலோ கூரையிலோ வேண்டாம், வீட்டைவிடச் சாலைக்கு அருகே வைக்க வேண்டாம். பின்பக்கம் வைத்தாலும் சத்தம் பற்றிய தரநிலை உண்டு. பதிவு பெற்ற நிறுவனம் அந்தக் கணக்கை எழுத்தில் தர வேண்டும். ஆர்டிக்கிள் 4 உத்தரவை இதற்கும் புரட்டிப் பாருங்கள்.

17. பின்னுக்கு நிக்கிற மரம் கூரையில சாயுது. வெட்டலாமோ?

நிலத்திலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் அடிமரத்தின் விட்டம் 75 மி.மீ.க்கு மேல் என்றால், வெட்டவோ கிளை கழிக்கவோ ஆறு வாரம் முன்னதாகக் கவுன்சிலுக்கு அறிவிக்க வேண்டும். விட்டத்தை அளக்க முடியாவிட்டால் தையல் டேப்பால் சுற்றளவை எடுங்கள், சுமார் 23.5 செ.மீ. என்றால் எல்லையில் இருக்கிறது. கட்டணம் இல்லை. எந்த மரம், என்ன வேலை, எங்கே நிற்கிறது என்று ஒரு கோட்டுப்படம் போதும். ஆறு வாரத்தில் பதில் வராவிட்டால் செய்யலாம். பட்ட மரம் என்றால் ஐந்து வேலைநாள் அறிவிப்பு. உடனே விழப்போகும் ஆபத்தான மரம் என்றால் முடிந்தவரை சீக்கிரம் எழுத்தில் அறிவிக்க வேண்டும். ஆனால் பட்டது என்று காட்டும் படங்களை எடுத்து வையுங்கள். அறிவிக்காமல் வெட்டுவது குற்றம், மாற்று மரம் நடும் கடமையும் வரும்.

18. எங்கட றோட்டில பத்து வீட்டில பிளாஸ்டிக் யன்னல் கிடக்கு. எங்களுக்கு மட்டும் ஏன் மறுக்கினம்?

மனம் நோவது புரிகிறது. ஆனால் அந்தப் பத்தும் ஆர்டிக்கிள் 4 வருமுன் போட்டதாக இருக்கலாம், அல்லது நடவடிக்கைக் காலம் கடந்ததாக இருக்கலாம். கவுன்சிலின் கண்ணில் அவை நடந்துவிட்ட கெடுதல். அதைக் கூட்டுவதற்கான காரணமாக ஏற்க மாட்டார்கள். விண்ணப்பக் கடிதத்தில் "மற்றவர்களும் செய்திருக்கிறார்கள்" என்று எழுதுவது பெரும்பாலும் வீண். அண்மையில் முறைப்படி அனுமதி பெற்ற வீடு ஒன்று இருந்தால், அதன் விண்ணப்ப எண்ணைக் கவுன்சில் தளத்தில் தேடி எடுத்து, அந்த வரைபடத்தையும் நிபந்தனைகளையும் உங்கள் வடிவமைப்புக்கு அடிப்படையாக்குங்கள். அது எடுபடும்.

19. முந்தின ஓனர் அனுமதி இல்லாம மாத்தியிருக்கார். எனக்குப் பிரச்சினை வருமா?

நடவடிக்கை நிலத்தைத் தொடரும், ஆளை அல்ல. ஆகவே மாற்றத்தைச் சரிசெய்யச் சொல்லும் கவுன்சிலின் நோட்டீஸ் உங்களுக்கே வரும். 2024 ஏப்ரல் 25க்கு முன் பெரும்பாலும் முடிந்துவிட்ட கட்டுமான வேலைக்கு நான்கு ஆண்டு வரம்பு. அதற்குப் பின் முடிந்தவற்றுக்குப் பத்து ஆண்டு. விதிவிலக்கு: 11ஆம் கேள்வியில் சொன்ன, அனுமதி தேவைப்படும் இடிப்பு. கன்சர்வேஷன் ஏரியாவில் அதற்குக் கால வரம்பே இல்லை.

வாங்குவதற்கு முன்னென்றால், ஜன்னல் எப்போது போட்டது என்பதற்கு ஃபென்சா சான்றிதழ் (ஜன்னல் பொருத்துபவர்கள் தரும் பதிவுச் சான்று), ரசீது, பழைய தெருப் படங்கள் கேளுங்கள். கவுன்சில் நடவடிக்கையால் வரும் நட்டத்துக்கு ஈடுதரும் இன்டெம்னிட்டி இன்ஷூரன்ஸ் என்று ஒன்றைச் சொலிசிட்டர்கள் காட்டுவார்கள். அதை எடுக்கும் முன் நீங்களே கவுன்சிலுக்குப் போன் செய்து விசாரித்தால் அந்தக் காப்பீடு கிடைக்காமல் போகும். முதலில் சொலிசிட்டரிடம் பேசுங்கள்.

20. பில்டர் "ஒண்டும் தேவையில்லை அண்ணை, நான் எத்தினை வீடு செய்தனான்" எண்டுறார். நம்பலாமோ?

அவர் நல்ல வேலைக்காரராக இருக்கலாம். ஆனால் நோட்டீஸ் வருவது உங்கள் பெயருக்கு. விண்ணப்பம் தேவையில்லை என்பதைச் சட்டப்படி உறுதிசெய்ய ஒரு வழி உண்டு: லாஃபுல் டெவலப்மென்ட் சர்டிஃபிகேட். செய்யப்போகும் வேலைக்கென்றால் வழக்கமான கட்டணத்தில் பாதி. அழகாக இருக்கிறதா என்று அதில் பார்க்க மாட்டார்கள். விதிக்குள் அடங்குகிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். வீட்டை விற்கும்போது அந்த ஒரு தாள் வாரக்கணக்கான கடிதப் போக்குவரத்தை மிச்சப்படுத்தும். கவுன்சில் அலுவலர் தொலைபேசியில் "பரவாயில்லை" என்று சொன்னது அவரைக் கட்டுப்படுத்தாது.

21. விண்ணப்பிக்க என்னென்ன வேண்டும்? மறுத்தா என்ன செய்யிறது?

பிளானிங் போர்ட்டல் இணையதளத்தில் வீட்டுக்குரிய ஹவுஸ்ஹோல்டர் படிவம். ஃப்ளாட்டுக்கு முழு விண்ணப்பப் படிவம். ஃப்ளாட்டுக்கு ஃப்ரீஹோல்டருக்கு அறிவித்து, உரிமை பற்றிய சான்றிதழ்களில் பி வகையை வைக்க வேண்டும்; நிலம் முழுவதும் தன்னுடையது என்பவருக்கான ஏ அல்ல. இடப்படம் 1:1250, வளவுப்படம் 1:500 அல்லது 1:200, இப்போதைய முகப்பும் வரப்போகும் முகப்பும் 1:50 அல்லது 1:100. ஜன்னல் என்றால் 1:20இல் ஒவ்வொரு ஜன்னலும், 1:5 அல்லது 1:2இல் மரக்கம்பியின் குறுக்குவெட்டும். இந்தக் குறுக்குவெட்டு இல்லாததால் வாரக்கணக்கில் காத்துக்கிடக்கும் விண்ணப்பங்கள் ஏராளம். கூடவே ஹெரிடேஜ் ஸ்டேட்மென்ட்: ஜன்னல் மாற்றத்துக்கு இரண்டு பக்கம் போதும். வீட்டில் பழையது எது, மாறுவது எது, தெருவுக்கு அதனால் என்ன ஆகும் என்று படங்களுடன் எழுதுங்கள். ஆர்டிக்கிள் 4 விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். அது 2018 ஜனவரியோடு போய்விட்டது. கட்டணம் ஏப்ரலில் உயர்கிறது, கட்டும் நாளில் தளத்தில் பாருங்கள்.

முடிவுக்கு எட்டு வாரம். அதிகாரி நடுவில் ஒரு மாற்றம் கேட்டால் உடனே செய்து கொடுங்கள். மறுப்பு வாங்குவதைவிட அது மலிவு. மறுத்துவிட்டால் இரண்டு வழி. காரணத்தைச் சரிசெய்து மறுபடி விண்ணப்பிக்கலாம்; ஒருமுறை இலவசமாக விண்ணப்பிக்கும் சலுகை 2023 டிசம்பரில் நிறுத்தப்பட்டதால் கட்டணம் மறுபடி கட்ட வேண்டும். அல்லது கவுன்சில் முடிவுகளை மறுஆய்வு செய்யும் அரசு அமைப்பான பிளானிங் இன்ஸ்பெக்டரேட்டிடம் மேல்முறையீடு செய்யலாம். அதற்குக் கட்டணம் இல்லை, ஹவுஸ்ஹோல்டர் விண்ணப்பத்துக்கு 12 வாரம் அவகாசம். இரண்டையும் சேர்த்தே செய்யலாம். ஆனால் 12 வாரம் மறுப்புக் கடிதத்தின் தேதியிலிருந்து ஓடும். புது விண்ணப்பம் கிடப்பில் இருக்கிறது என்பதற்காக அது நிற்காது.